தொட்டியில் கை வைக்காதே

ஜனவரி 12, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

கிழிப்பதற்கு முன்னால் ஒரு வரியாவது படி. உன் கண்ணாடித் தொட்டியைப் பரணிலிருந்து இறக்கிவிட்டேன்.

இப்போது இன்னும் வேகமாகக் கிழிக்கத் தோன்றும். பொறு. அதில் மீன் விடப்போவதில்லை. மீன் என்று வாயைத் திறக்கவே எனக்கு அருகதை இல்லை என்று தெரியும். இறால் வளர்க்கப்போகிறேன். குழம்பில் போடுகிற இறால் இல்லை, நல்ல தண்ணீரில் வாழும் குட்டி இறால். செக்கச்செவேல் என்று இருக்கும். முழுதாக வளர்ந்தாலும் இரண்டு சட்டைப் பொத்தானை அடுத்தடுத்து வைத்த நீளம்தான்.

எப்படி ஆரம்பித்தது என்று கேட்கமாட்டாய், நானே சொல்கிறேன். மூன்று தெரு தள்ளி வளர்ப்பு மீன்கடை வைத்திருக்கிற அம்மா நம் சலவைக்கடைக்கு ஒரு திரைச்சீலையை வெளுக்கக் கொண்டுவந்தார். அதைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கடை மூலையில் ஒரு தொட்டி. உள்ளே பாசி, காய்ந்த இலை, பச்சை படிந்த கட்டை. பார்த்ததும், துடைக்கத் துணி எங்கே என்றுதான் தேடினேன். அப்புறம் பார்த்தால் அந்த அழுக்கு முழுக்க சின்னச் சின்னச் சிவப்பு, உட்கார்ந்து இரண்டு கையாலும் அள்ளி அள்ளித் தின்றுகொண்டிருக்கிறது! அக்கா, அரை மணி நேரம் நின்றேன். கடையை மறந்துவிட்டேன்.

"எனக்குப் பத்துப் பன்னிரண்டு கொடுங்கம்மா" என்றேன்.

"கையை நீட்டுங்க" என்றார். நீட்டினேன். மோந்து பார்த்தார்.

"பிளீச்சிங் வாசம் ஆளைத் தூக்குது. இந்தக் கையோட போனா ஒரு நாள் தாங்காது. முதல்ல தண்ணியைத் தயார் பண்ணுங்க. ஒன்றரை மாசம் கழிச்சு வாங்க."

"ஒன்றரை மாசமா? வெறும் தண்ணிக்கா?"

"அது வெறும் தண்ணியா இல்லாம ஆகுறதுக்குத்தான் ஒன்றரை மாசம்."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. போன வாரமே கடைக்கும் வீட்டுக்கும் நடுக்கதவுக்குப் பக்கத்தில் தொட்டியை வைத்துவிட்டேன். கறுப்பு மணலை வெறும் தண்ணீரில் மட்டும் அலசினேன். சோப்பு இல்லை. சத்தியமாக இல்லை. ஒரு கட்டையை ஊறவைத்து, காலர் தைக்கிற நூலால் பாசியை அதில் கட்டியிருக்கிறேன். குழாய்த் தண்ணீரை இரண்டு நாள் வாளியில் திறந்து வைத்துத்தான் ஊற்றினேன். ஸ்பாஞ்சு வடிகட்டி குமிழ் விடுகிறது. உள்ளே ஓர் உயிர்கூட இல்லை, ஆனால் தினமும் ஒரு சிட்டிகைத் தீனி போடுகிறேன், அழுகட்டும் என்று. காலித் தொட்டிக்குச் சாப்பாடு போடுகிறவனைக் கடைக்கு வருகிறவர்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

நீ எனக்கு எழுதிப் பதினான்கு மாதம் ஆகிறது. கடையில் இருக்கிற நாள்காட்டி எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

உன் தம்பி


ஜனவரி 25, சனி

தம்பி,

கிழிக்கவில்லை. கிழிக்கத்தான் கை போனது, அதற்குள் என் கிரேனுக்குக் கீழேயிருந்து கொடி காட்டிவிட்டார்கள், இரும்புக் கட்டு ஒன்றைத் தூக்கிச் சுரங்க வாயில் இறக்க வேண்டியிருந்தது. இறக்கி முடித்தபோது கோபம் கொஞ்சம் ஆறியிருந்தது. அவ்வளவுதான், அதற்குமேல் கற்பனை பண்ணிக்கொள்ளாதே.

நீ மறந்திருந்தால் நான் நினைவுபடுத்துகிறேன். எட்டு மாத வேலைக்குப் பிறகு விடுப்பில் வந்தேன். கதவைத் திறந்ததும் நீ பல்லெல்லாம் தெரிய நின்றாய். உனக்குப் பின்னால் என் தொட்டி புதுக் கண்ணாடிபோல மின்னியது. கூழாங்கல்லை வலைப்பையில் போட்டு மெஷினில் துவைத்து, டிரையரில் காயவைத்திருந்தாய்! கல்லை, டிரையரில்! ஸ்பாஞ்சை வெந்நீரில் சோப்புப் போட்டு அலசியிருந்தாய். அதைப் பெருமையாக வேறு சொன்னாய். மறுநாள் காலையில் ஒன்பது மீனும் மிதந்தன. பெரியவர் என்று நாம் கூப்பிட்ட கிழட்டு மீனும் சேர்த்து. ஏழு வருஷம் கண்ணாடியை நக்கிக்கொண்டு, யார் வம்புக்கும் போகாமல் இருந்த ஜீவன்.

அதற்கு நீ என்ன சொன்னாய் தெரியுமா? "நல்லதுக்குத்தானே பண்ணேன்." செத்ததுகூடப் பரவாயில்லை, அந்த ஒரு வார்த்தைதான் என்னைச் சாப்பிடாமல் பையைத் தூக்கவைத்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தச் சுரங்கம் முடிகிறது. அடுத்தது இதைவிடத் தூரம், மூன்று வருஷம். போகிறேனா இல்லையா என்று ஏப்ரல் 15க்குள் எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஊரிலேயே சரக்குக் கிடங்கில் கிரேன் ஓட்ட ஆள் கேட்கிறார்கள், அதுவும் இருக்கிறது. ஆனால் சுரங்கத்துக்கே கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றுதான் இருக்கிறேன். என் பொருள் வைத்த இடத்தில் இருக்காத வீட்டுக்கு எதற்கு வரவேண்டும்?

இருந்தாலும் ஒரு பந்தயம். ஏப்ரல் 15க்குள் அந்தத் தொட்டியில் ஒரே ஒரு குஞ்சு பிறக்கட்டும். வாங்கிவந்து விட்டது கணக்கில்லை, அங்கேயே பிறக்க வேண்டும். பிறந்தால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன். உன்னால் ஓர் அழுக்கை அப்படியே விட்டுவைக்க முடிந்தால்தான் அது நடக்கும். சொட்டு நீலத்தால் அது முடியாது என்று எனக்குத் தெரியும்.

என் அறை எப்படி இருக்கிறது? வேண்டாம், சொல்லாதே.

போன் போட்டுப் பார்க்காதே. இந்த மலை இடுக்கில் சிக்னல் இல்லை. சனிக்கிழமை ஜீப்பில் வருகிற தபால்தான்.

அக்கா


பிப்ரவரி 2, ஞாயிறு

அக்கா! அக்கா!

பந்தயம் ஒப்புக்கொண்டேன். நீ எழுதிவிட்டாய். திட்டி எழுதினாலும் நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய். "சொட்டு நீலம்" என்று நீ என்னைக் கூப்பிட்டுப் பதினைந்து மாதம் ஆகிறது. முன்பெல்லாம் அந்தப் பெயரைக் கேட்டால் பற்றிக்கொண்டு வரும். இப்போது கடிதத்தில் அந்த இடத்தை மட்டும் இரண்டு தடவை படித்தேன்.

முதலில் தொட்டி. மீன்கடை அம்மா மூன்று சின்னப் புட்டி கொடுத்தார், சொட்டு மருந்து மாதிரி. சின்னக் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் தொட்டித் தண்ணீர் எடுத்து அதில் சொட்டினால் நிறம் மாறும். முதல் வாரம் வெறும் மஞ்சள். எனக்குப் பொறுமை போய்விட்டது. பத்தாவது நாள் பச்சை! தீனி அழுகி விஷம் உண்டாகிவிட்டது, இனி அதைத் தின்கிறவை வளரும் என்று அர்த்தம். விஷம் உண்டானதற்கு நான் கடைக்குள்ளேயே கைதட்டினேன், இஸ்திரி போடுகிறவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். இன்னும் சில நாளில் அந்தப் பச்சை குறையுமாம், அடுத்த புட்டி ஊதா காட்டுமாம், பிறகு அதுவும் தெளிந்து நீலமாகுமாம். நிறம் பார்ப்பதில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. இருபது வருஷமாகக் காப்பிக் கறைக்கும் தேநீர்க் கறைக்கும் வித்தியாசம் பார்த்த கண்.

இந்த விஷத்தைத் தின்கிறது யார் என்று கேட்டேன். "கண்ணுக்குத் தெரியாத கிருமிங்க. கல்லுல, ஸ்பாஞ்சுல, கண்ணாடியில வழவழன்னு இருக்கே, அதுலதான் குடியிருக்கும்" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் அன்று மெஷினில் போட்டது கல்லை இல்லை. உன் மீன்களை இத்தனை வருஷம் காப்பாற்றியவர்களை மொத்தமாகக் கொதிக்கவைத்து, காயவைத்து, அடுக்கிவைத்திருக்கிறேன். அதற்கப்புறம் நீ வந்ததும் சிரித்திருக்கிறேன். அக்கா, "நல்லதுக்குத்தானே" என்று இனி என் வாயில் வராது. தப்புப் பண்ணிவிட்டேன். ரொம்பப் பெரிய தப்பு.

உன் அறையை நான் தொடவில்லை. நீ போன அன்றைக்கே பூட்டிவிட்டேன். உன்மேல் கோபத்தில் பூட்டினேன் என்பதும் உண்மை. சாவியை இத்துடன் வைத்திருக்கிறேன். உள்ளே அரை அங்குலத்துக்குத் தூசி இருக்கும். அந்தக் கதவைத் தாண்டும்போதெல்லாம் கை அரிக்கிறது, பையில் விட்டுக்கொண்டு நடக்கிறேன்.

உன் தம்பி


பிப்ரவரி 15, சனி

தம்பி,

சாவி வந்தது. கிரேன் கேபினில் விசிறிக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். கிரேன் கையைத் திருப்பும்போதெல்லாம் ஆடுகிறது. என்னவோ பண்ணுகிறது, விடு.

நீ எழுதியதை யோசித்துப் பார்த்தேன். மேலே ஏற நூற்றுப் பன்னிரண்டு படி, யோசிப்பதற்கு வேண்டிய நேரம் கிடைக்கும். என் பக்கமும் ஒன்று இருக்கிறது. அந்த எட்டு மாத வேலைக்கு நான் கிளம்பியபோது ஒரு துண்டுச் சீட்டில் "தொட்டியைப் பார்த்துக்கோ" என்று மட்டும் எழுதிவைத்துவிட்டுப் போனேன். உன்னிடம் ஒரு பொருளைக் கொடுத்துப் பார்த்துக்கொள் என்றால் நீ என்ன பண்ணுவாய்? துவைப்பாய். அது தெரியாமலா உன்னோடு முப்பத்தைந்து வருஷம் இருந்தேன்? எப்படிப் பார்த்துக்கொள்வது என்று நான் ஒரு தாள் எழுதியிருக்கலாம். அவசரம். அப்புறம் பழி முழுவதும் உன் தலையில்.

இது மன்னிப்பு இல்லை. கணக்கில் ஒரு வரி விட்டுப்போயிருந்தது, சேர்க்கிறேன்.

இப்போது ஒழுங்காகக் கேள். இந்தத் தடவை தாளில் எழுதுகிறேன். ஸ்பாஞ்சைக் குழாயடியில் காட்டாதே, தொட்டித் தண்ணீரை ஒரு பாத்திரத்தில் எடுத்து அதில் மட்டும் பிழி. தண்ணீரை மொத்தமாக மாற்றாதே, வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு போதும். கண்ணாடியில் முன்பக்கம் மட்டும் துடை, மற்ற மூன்று பக்கமும் பச்சை படியட்டும். அதுதான் அவற்றுக்கு வயல். கடை வேலை பார்த்த கையை எதிலும் விடாதே.

முன்பக்கம்கூட வாரத்துக்கு ஒரு தடவைதான். உன்னைத் தெரியும், அதனால் சொல்கிறேன்.

ஊதா நீலமாகிவிட்டதா?

அக்கா


பிப்ரவரி 23, ஞாயிறு

அக்கா,

ஆகிவிட்டது! வியாழக்கிழமை காலை பச்சை இல்லை, ஊதா இல்லை, சுத்தமான நீலம். குழாயை அப்படியே கையில் தூக்கிக்கொண்டு மூன்று தெருவும் நடந்தேன். ஒரு சைக்கிள்காரர் வழிவிட்டு நின்றார், மருத்துவமனைக்குப் போகிறேன் என்று நினைத்திருப்பார். மீன்கடை அம்மா வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். என் கையை மறுபடியும் மோந்து பார்த்தார். ஒரு மாதமாகக் கையுறை போட்டு வேலை செய்கிறேன் என்று அவருக்குத் தெரியாது.

"பரவாயில்லை, மனுஷன் வாசம் வருது" என்றார். அக்கா, பத்தாம் வகுப்பில் தேறியபோதுகூட எனக்கு இவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

நேற்று பன்னிரண்டு இறாலைக் கொண்டுவந்தேன். பையிலிருந்து நேராகத் தொட்டியில் கொட்டக் கூடாதாம். பாத்திரத்தில் விட்டு, மெல்லிய குழாயில் ஒரு முடிச்சுப் போட்டுத் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். நொடிக்கு இரண்டு சொட்டு, இரண்டரை மணி நேரம். "மதியம் கடை இல்லை" என்று எழுதித் தொங்கவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். வெளுக்கக் கொடுத்த கோட்டைக் கேட்டு ஒருவர் வந்து கதவை உடைக்கிற மாதிரி தட்டினார். "சத்தம் போடாதீங்க, இறால் பயந்துக்கும்" என்றேன். அவர் அதற்குப் பிறகு தட்டவில்லை. பயந்துவிட்டார் போல.

கடைசியில் ஒவ்வொன்றாக உள்ளே போயின. முதலில் வெளிறிப்போய் ஒரு மூலையில் ஒண்டின. சாயங்காலத்துக்குள் நிறம் ஏறிவிட்டது! சாயம் போட்டால்கூட இப்படிச் சிவப்பு வராது. ஒன்று பாசிக் கட்டைமேல் ஏறி உட்கார்ந்து, இரண்டு கையையும் மாற்றி மாற்றி வாய்க்குக் கொண்டுபோய் என்னைப் பார்த்துக்கொண்டே தின்றது. பின்பக்கக் கண்ணாடி பச்சையாக இருக்கிறது. நான் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறேன். நம்பு.

ஏப்ரல் பதினைந்துக்கு இன்னும் ஐம்பத்தோரு நாள்.

உன் தம்பி


மார்ச் 11, செவ்வாய்

அக்கா,

உன் பதிலுக்குக் காத்திருக்காமல் எழுதுகிறேன். எல்லாம் போய்விட்டது.

மார்ச் முதல் ஞாயிறு, காலையில் பார்த்தால் மணலில் இரண்டு கிடந்தன. அசைவே இல்லை, நிறம் வெளுத்து, கண்ணாடிபோல் ஆகிவிட்டிருந்தன. செவ்வாய் மூன்று. வெள்ளிக்கிழமை நான்கு. நேற்று ஒன்று. இன்று காலை மறுபடியும் நான்கு. ஒவ்வொன்றையும் பிரிந்த நூல் பிடுங்குகிற இடுக்கியால் எடுத்தேன். தூக்கிப்போட மனம் வரவில்லை. பொத்தான் டப்பாவில் பஞ்சு வைத்துப் படுக்கவைத்திருக்கிறேன். கடையில் உருப்படிக்குக் கட்டுகிற சீட்டைச் சின்னதாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் செத்த நாளை எழுதிக் கட்டியிருக்கிறேன். என்னிடம் வந்தது எதுவும் சீட்டு இல்லாமல் தொலையக் கூடாது என்று ஒரு பழக்கம்.

தொட்டியில் இப்போது எதுவும் தெரியவில்லை. பாசிதான் இருக்கிறது, அது நன்றாக வளர்கிறது. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

நீ சொன்னபடிதான் எல்லாம் செய்தேன். ஒரு சொட்டு சோப்பு இல்லை. இருந்தும் என் கையில் ஏதோ இருக்கிறது. மீன்கடைக்குப் போய்ச் சொல்ல முகமில்லை. வருகிற ஞாயிறு கடை விடுமுறை, அன்று தொட்டியைக் காலிபண்ணிப் பரணில் ஏற்றிவிடுகிறேன். நீ கையெழுத்துப் போட்டுவிடு. என்னை நம்பி இறாலே இருக்க முடியவில்லை, நீ எப்படி இருப்பாய்?

தம்பி


மார்ச் 16, ஞாயிறு

அக்கா, என் தங்கமே, என் பெரியவளே!

ஒழுங்கான வரிசையில் சொல்கிறேன், இல்லாவிட்டால் எனக்கே மூச்சு முட்டும்.

காலை ஒன்பது மணி. தண்ணீரை வெளியே இழுக்கக் குழாயைத் தொட்டியில் விட்டு, மறுமுனையை வாளியில் போட்டு, வாய் வைத்து இழுக்கப் போகிறேன். போன் அடித்தது. தெரியாத எண். "ஜீப் ஓட்டுறவன் பேசுறேன். உங்க அக்கா நேத்து லெட்டரைப் படிச்சுட்டு கிரேன்ல இருந்து ஓடி இறங்கி வந்தாங்க. நான் வண்டி எடுத்துட்டேன், நடுரோட்டுல நின்னு மறிச்சாங்க. சிக்னல் கிடைச்சதும் உங்களுக்குப் போன் பண்ணச் சொன்னாங்க. நேத்து அடிச்சேன், நீங்க எடுக்கலை."

நேற்று மெஷின் சத்தத்தில் கேட்டிருக்காது. "என்ன சொன்னாங்க?" என்றேன்.

"ரெண்டே விஷயம். தொட்டியில கை வைக்காதே. பன்னெண்டு வாங்கிட்டு பதினாலு எப்படிச் செத்துச்சு?"

போனைப் பிடித்தபடி நின்றேன். "என்னங்க, இருக்கீங்களா?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். டப்பாவைத் திறந்து சீட்டுகளை எண்ணினேன். இரண்டு, மூன்று, நான்கு, ஒன்று, நான்கு. பதினான்கு! நாள்வாரியாகக் கட்டினேனே தவிர மொத்தம் போடவே இல்லை. இருபது வருஷமாக லாண்டரி நடத்துகிறவன், பன்னிரண்டு உருப்படி வாங்கிப் பதினான்கு உருப்படி சாகடித்திருக்கிறேன்.

ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். உள்ளே ஒன்றுமே இல்லை. வெறும் கூடு. மீசை, கால், வால் எல்லாம் அச்சாக இருக்கிறது, ஆள் இல்லை. சட்டை, அக்கா! கழற்றிப்போட்ட சட்டை! சலவைக்கடைக்காரன் சட்டையைப் பார்த்துவிட்டு மனுஷன் செத்துப்போனான் என்று பத்து நாள் அழுதிருக்கிறேன்.

அப்புறம் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு பார்த்தேன். ஒரு மணி நேரம் எதுவும் இல்லை. புதுத் தோல் கெட்டியாகும்வரை ஒளிந்திருக்குமாம், இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பிறகு பாசிக்குள்ளிருந்து ஒரு மீசை வந்தது. அப்புறம் கட்டைக்கு அடியில் ஒன்று. மதியத்துக்குள் ஒன்பது எண்ணிவிட்டேன். முன்னைவிடப் பெரிதாக, முன்னைவிடச் சிவப்பாக! ஒன்பதாவதைப் பார்த்தபோது அழுதேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

மீன்கடை அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, "சீட்டுக் கட்டினீங்களா? ஒவ்வொண்ணுக்குமா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார். எத்தனை பேரிடம் சொல்லப்போகிறாரோ.

உன் தம்பி


மார்ச் 22, சனி

டேய் சொட்டு நீலம்,

நான் இன்னும் சிரிப்பை அடக்கமுடியாமல் இருக்கிறேன். உன் கடிதத்தைக் கேபினில் படித்தேன். கீழே நின்ற கொடிக்காரர் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து வாக்கிடாக்கியில் கூப்பிட்டார். "ஒண்ணுமில்லை, என் தம்பி பன்னெண்டுல பதினாலைக் கொன்னுட்டான்" என்றேன். பாதி ஆட்களுக்கு இப்போது உன்னைத் தெரியும்.

போன சனிக்கிழமை மட்டும் சிரிப்பு வரவில்லை. இரண்டாவது தடவை படிக்கும்போதுதான் கூட்டிப் பார்த்தேன். ஜீப் கிளம்புகிற சத்தம் கேட்டது. நூற்றுப் பன்னிரண்டு படி. இறங்கின வேகத்துக்கு முழங்கால் இன்னும் வலிக்கிறது. நீ அந்தத் தொட்டியைக் காலிபண்ணியிருப்பாயோ என்று இன்றைய ஜீப் வரும்வரை ஒரு வாரம் நினைத்துக்கொண்டே இருந்தேன். எனக்கு இறால்மேல் இவ்வளவு அக்கறையா என்று நானே கேட்டுக்கொண்டேன். இறால்மேல் இல்லை.

ஒரு வேலை. அந்தப் பதினான்கு சட்டையையும் சீட்டை அவிழ்த்துத் தொட்டியிலேயே திருப்பிப் போடு. அவை அதைத் தின்னும், அடுத்த தோல் கெட்டியாக அது வேண்டும். வாடிக்கையாளர் உருப்படியை ஒழுங்காகத் திருப்பிக் கொடு.

நாள் ஓடுகிறது. குஞ்சு எங்கே?

அக்கா


மார்ச் 30, ஞாயிறு

அக்கா,

முட்டை!

வியாழக்கிழமை காலை தீனி போட்டேன். எல்லாவற்றிலும் பெரிதாக இருக்கிற ஒருத்தி வரவில்லை. தேடினால் வடிகட்டிக்குப் பின்னால் நிற்கிறாள். வயிற்றுக்கு அடியில் மஞ்சள் முத்து, இருபது இருபத்தைந்து இருக்கும், கொத்தாக. அதைக் காலால் விசிறிக்கொண்டே இருக்கிறாள். நிறுத்துவதே இல்லை. திருப்பித் திருப்பி வைக்கிறாள், ஒன்றைக்கூடக் கீழே விடுவதில்லை. இத்தனை கவனமாக நான் பட்டுப்புடவையைக்கூடத் திருப்பியதில்லை.

ஓடினேன் மீன்கடைக்கு. பொரிய எத்தனை நாள் என்று கேட்டேன். "இருபத்தஞ்சுல இருந்து முப்பது" என்றார். விரல் விட்டு எண்ணினேன். எப்படி எண்ணினாலும் ஏப்ரல் இருபத்தொன்றுக்கு முன்னால் வரவில்லை.

அக்கா, இங்கே ஓர் அசிங்கத்தைச் சொல்ல வேண்டும். அவர் கடைத் தொட்டியில் ஒருத்தி இருந்தாள், முட்டைக்குள்ளேயே கறுப்பாகக் கண் தெரிந்தது. "இது ஒரு வாரத்துல பொரிஞ்சுடும்" என்றார். அதைக் கொடுங்கள் என்றேன். பையில் போட்டுக் கொடுத்தார். என் தொட்டியில் விட்டால் குஞ்சு அங்கேயேதானே பிறக்கும், உனக்கு எப்படித் தெரியும்? இரண்டாவது தெருமுனை வரை வந்துவிட்டேன். பைக்குள் அவள் விசிறிக்கொண்டே இருந்தாள். திரும்பிப் போய்க் கொடுத்துவிட்டேன். ஏன் என்று அவர் கேட்டார், "எங்க அக்காவுக்குத் தெரிஞ்சுடும்" என்றேன். தெரியாது என்று தெரியும். இருந்தாலும் அப்படித்தான் வாயில் வந்தது.

இந்தத் தாளில் பச்சையாக ஒரு சொட்டு விழுந்துவிட்டது பார். பாசியை நகர்த்திவிட்டு அப்படியே வந்து எழுதுகிறேன், முழங்கையிலிருந்து வடிந்திருக்கிறது. எழுத்துத் தெரிகிறது இல்லையா? சரி, மறுபடியும் எழுதிக்கொண்டிருக்க நேரமில்லை, அவளைப் போய்ப் பார்க்க வேண்டும்.

உன் தம்பி


ஏப்ரல் 9, புதன்

அக்கா,

போன சனிக்கிழமை போட்ட கடிதம் என்று உன்னிடமிருந்து எதுவும் வரவில்லை. வேலை அதிகமாக இருக்கும்.

இது வருகிற சனிக்கிழமை உன் கைக்குக் கிடைக்கும். செவ்வாய் பதினைந்தாம் தேதி. முட்டையில் இப்போதுதான் லேசாக நிறம் மாறுகிறது. கண் தெரியவில்லை. பந்தயத்தில் தோற்றுவிட்டேன். நீ தாராளமாகக் கையெழுத்துப் போடு, நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன் என்று எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். நினைத்துக்கொள்வேன். ரொம்ப நினைத்துக்கொள்வேன்.

வீடு ரொம்பச் சுத்தமாக இருக்கிறது, அக்கா. காலையில் வைத்த டம்ளர் சாயங்காலம் வைத்த இடத்தில் அப்படியே இருக்கிறது. குளியலறையில் சோப்பு ஒரே பக்கமாகத் தேய்கிறது. நீ நாற்காலி முதுகில் போட்டுவிட்டுப் போகிற துண்டை எத்தனை தடவை முணுமுணுத்துக்கொண்டே மடித்திருப்பேன். இப்போது நானே ஒரு துண்டைப் போட்டுப் பார்த்தேன். சரியாக வரவில்லை, என்ன போட்டாலும் மடித்த மாதிரியே விழுகிறது.

நீ போனாலும் நான் தொட்டியைக் காலிபண்ண மாட்டேன். குஞ்சு பிறந்ததும் எழுதுகிறேன். அந்த அட்ரஸ் அனுப்பு.

தம்பி


ஏப்ரல் 12, சனி

தம்பி,

அட்ரஸ் எல்லாம் அனுப்ப முடியாது. உனக்கே தெரிந்த அட்ரஸ்தான்.

நான் அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்து ஒரு வாரம் ஆகிறது. ஏப்ரல் ஐந்தாம் தேதி, உன் முட்டைக் கடிதம் வந்த அன்றைக்கே. "அடுத்த வேலைக்கு வர இயலாது" என்று ஒரே வரி. மேலாளர் காரணம் கேட்டார். அந்தத் தாளைக் காட்டினேன், பச்சைச் சொட்டு விழுந்த தாளை. அவருக்கு என்ன புரியும்? பள்ளிக்கூடத்தில் ஒரு எழுத்து அடித்தால் முழுப் பக்கத்தையும் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதுகிறவன் நீ. எனக்கு எழுதின கடிதத்தில் ஒரு அடித்தல் திருத்தல் பார்த்ததில்லை. அந்தக் கை ஒரு கறையைப் பார்த்தது, "எழுத்துத் தெரிகிறது இல்லையா" என்றது, எழுந்து போய்விட்டது. எனக்கு அதற்குமேல் குஞ்சு எதற்கு?

கடைக்கு இறால் பையைத் திருப்பிக் கொடுத்ததும் இருக்கிறது. அதை மேலாளரிடம் சொல்லவில்லை, எனக்கு மட்டும் வைத்துக்கொண்டேன்.

அன்றே உனக்குத் தெரியப்படுத்தியிருக்கலாம். பந்தயம் கட்டியவள் நான், நானே தோற்றுவிட்டேன் என்று உடனே எழுத வெட்கமாக இருந்தது. பதினைந்து வரைக்கும் உன்னைத் தவிக்கவிடலாம் என்று ஒரு அல்ப ஆசையும் இருந்தது. சோப்பு ஒரே பக்கமாகத் தேய்கிறது என்று எழுதியிருக்கிறாய் பார், அந்த வரியில் ஆசை போய்விட்டது. மன்னித்துவிடு.

மே நான்கு, ஞாயிறு காலை. சாவி என்னிடம் இருக்கிறது, அறையைத் திறந்து வைக்க முடியாது உன்னால், நல்லது. தூசியை நானே பார்த்துக்கொள்கிறேன். வரவேற்க என்று எதையும் துடைத்துவைக்காதே. முக்கியமாகத் தொட்டியை.

துண்டை மடிக்காதே. நான் வந்து போட்டுக் காட்டுகிறேன்.

அக்கா


ஏப்ரல் 23, புதன்

அக்கா,

கடையைப் பாதியில் விட்டுவிட்டு எழுதுகிறேன். மெஷின் ஓடி நின்றுவிட்டது, எடுக்க ஆளில்லை, கிடக்கட்டும்.

காலையில் அவள் வயிற்றைப் பார்த்தேன். காலி. மணலில் தேடினேன், பாசியில் தேடினேன், ஒன்றும் இல்லை. முன்பக்கக் கண்ணாடியில் எந்த உயிரும் இல்லை, அது சுத்தமாக இருக்கிறது. அப்புறம்தான் பின்பக்கம் பார்த்தேன். மூன்று மாதமாகக் கை அரிக்க அரிக்க நான் துடைக்காமல் விட்ட அந்தப் பச்சை. அதன்மேல் ஒரு புள்ளி நகர்ந்தது. தூசி என்று நினைத்தேன், பழக்கதோஷத்தில் விரல்கூடப் போனது. தூசிக்கு மீசை இருந்தது.

பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. கண் பழகப் பழக அந்தப் பச்சை முழுவதும் அவர்கள்தான். எறும்பின் தலையளவுகூட இல்லை, உள்ளே இருப்பது வெளியே தெரிகிறது, கையால் அள்ளி அள்ளித் தின்கிறார்கள், பெரியவர்களைப் போலவே!

பந்தயத்துக்கு எட்டு நாள் தாமதம். மீன்கடை அம்மா எத்தனை என்று கேட்டு ஆள் அனுப்பினார். இஸ்திரி போடுகிறவர் கேட்டார். ஜீப்காரர்கூடப் போன் போட்டுக் கேட்டார். தெரியாது என்று சொல்லிவிட்டேன். உண்மையிலேயே தெரியாது, நான் எண்ணவில்லை. சீட்டும் கட்டவில்லை.

நீ வந்து எண்ணு.

உன் சொட்டு நீலம்